முப்பதாம் வரிசைக் குறட்டை

மரிசெல் டும்லாவுக்குக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்த சங்கதி, மரிசெல்லுக்குத் தெரியும் முன்பே எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. வின்னிபெக் விமான நிலையத்தை ஒட்டிய தெரு இது. வீட்டுக்கு ஒருவராவது சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு பனியில் வழுக்கி வழுக்கி வேலைக்குப் போகிறவராக இருப்பார். கம்பெனியின் பெயரைச் சொல்வானேன், நாளைக்கு முகத்தில் விழிக்க வேண்டும். அந்தக் கம்பெனிக் கடிதங்களைக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் தபால்காரர் கொடுப்பார். உறையின் தடிமனைப் பார்த்தே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவார்கள் எங்கள் தெருக்காரர்கள். மெலிதாக இருந்தால் பாராட்டு. தடியாக இருந்தால் விசாரணை. பாராட்டுக்குக் கம்பெனி ஒரு தாளுக்கு மேல் செலவழிப்பதில்லை.

மரிசெல் பறந்துகொண்டிருந்ததால் கையெழுத்துப் போட்டு வாங்கியது அவள் கணவன் நெஸ்டர். நகரப் பேருந்து ஓட்டுகிறவன், நிதானமான மனிதன். உறையை அரிசிக் குக்கருக்கு அடியில் ஒளித்துவைத்தான். அது தடி உறை என்பதால் குக்கர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. மரிசெல் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் பார்த்தது அதைத்தான்.

"குக்கர் ஏன் கோணலா நிக்குது?"

"முதல்ல கை கழுவிட்டு வா. அடோபோ கறி சூடா இருக்கு."

"நெஸ்டர், தடியா?"

"சாப்பிட்டுட்டுப் பாரேன்."

"தடியான்னு கேட்டேன்."

"தடிதான்," என்றான் நெஸ்டர், தட்டைப் பார்த்துக்கொண்டே.

மரிசெல் கை கழுவாமலே உறையை எடுத்தாள். காரணம் இருந்தது. போன வருடம் ஒரு பயணி, அவள் சிரிக்கவே இல்லை என்று புகார் எழுதினார். அன்று காலைதான் கடைவாய்ப் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை முடிந்து, பாதி முகம் மரத்துப் போயிருந்தது. மறுபாதியால் சிரித்தாள். விசாரணையில் அதைச் சொன்னபோது, "சிரிப்பு என்றால் இரண்டு பக்கமும்" என்று எழுதி, இறுதி எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அதற்கு ஆயுள் இரண்டு வருடம். அதற்குள் இன்னொரு புகார் உண்மை என்று முடிவானால் வேலை போய்விடும். இருபத்து நான்கு வருட வேலை. ஐம்பத்தோரு வயதில், விமானக் கதவைச் சாத்தவும் திறக்கவும், வாந்திப் பையை முகம் சுளிக்காமல் வாங்கவும் தெரிந்த ஒருத்திக்கு வின்னிபெக்கில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

கடிதத்தைப் பிரித்தாள். பிப்ரவரி பதினொன்றாம் தேதி டொரன்டோவிலிருந்து வின்னிபெக் வந்த விமானத்தில், முப்பதாவது வரிசையில், சீருடை அணிந்த பணியாளர் ஒருவர் வழி நெடுகத் தூங்கியதாகவும், அவர் வாய் திறந்திருந்ததாகவும், அந்தக் காட்சியால் ஒரு விருந்தினர் 'மிகவும் பாதிக்கப்பட்டதாகவும்' அதில் கண்டிருந்தது. கம்பெனியில் பயணி என்ற சொல்லுக்குத் தடை. விருந்தினர் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த விருந்தினர் எழுதியதிலிருந்து ஒரே ஒரு வரியை மேற்கோள் காட்டியிருந்தார்கள்: 'கரையில் தூக்கிப்போட்ட பிக்கரல் மீன் மாதிரி இருந்தார்.'

கடைசிப் பக்கத்தில் தடித்த எழுத்தில் இரண்டு கட்டளைகள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணைக்கு வர வேண்டும். புகார் கொடுத்த விருந்தினரை நேரிலோ, பிறர் மூலமாகவோ, எந்த வகையிலும் தொடர்புகொள்ளக் கூடாது. மீறினால் உடனடி வேலைநீக்கம்.

"மீனாம்!" என்றாள் மரிசெல். கண் கலங்கிவிட்டது. "எந்தப் பாவி இப்படி எழுதினான்? அவன் வீட்ல அக்கா தங்கச்சி இல்லையா? இல்ல, அவன்தான் தூங்கும்போது ரோஜாப்பூ மாதிரி இருப்பானா?"

"விடும்மா. என் பஸ்ல ஒருத்தன், டிரைவர் ரொம்ப முழிச்சிட்டு இருக்கார், பார்க்கவே பயமா இருக்குன்னு எழுதிக் குடுத்தான்."

"அதுக்கு என்ன பண்ணாங்க?"

"கறுப்புக் கண்ணாடி போட்டுக்கச் சொன்னாங்க."

எதிர் வீட்டு லோர்னாவுக்குப் போன் போட்டாள். லோர்னா தோர்வால்ட்சன்தான் அன்றைய விமானத்தில் பொறுப்பாளர். போட்ட குளிர்காலச் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஐந்து நிமிடத்தில் வந்து நின்றாள். (சன்னல் வழியாகப் பார்த்தவர்கள் மூன்று நிமிடம் என்கிறார்கள்.)

"நான் அன்னிக்கு வேலையிலயே இல்லையே லோர்னா! டெட்ஹெட்தானே வந்தேன்!"

டெட்ஹெட் என்பது இந்தத் தொழிலில் தினப்படி வார்த்தை. வேலை முடிந்த இடத்திலிருந்து பணியாளரைச் சொந்த ஊருக்குப் பயணி மாதிரி ஏற்றி அனுப்புவது. சீருடை இருக்கும், வேலை இருக்காது. அன்றைக்கு மரிசெல் விடியுமுன் கிளம்பி ஒட்டாவா, செயின்ட் ஜான்ஸ், டொரன்டோ என்று மூன்று விமானம் பார்த்து, இறக்கையில் உறைந்த பனிக்கு மருந்தடிக்க மூன்று மணி நேரம் நின்ற விமானத்தில் நூற்றைம்பது பேரிடம் திட்டு வாங்கி, கடைசியில் முப்பதாவது வரிசையில், சாயாத இருக்கையில், கழிப்பறைச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு விழுந்தாள். பெல்ட்டைப் போட்டது ஞாபகம் இருக்கிறது. பிறகு வின்னிபெக்தான்.

லோர்னா கடிதத்தைப் படித்தாள். மீன் வரியில் அவள் கண் நின்றது. மறுபடி படித்தாள். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மரி. அன்னிக்கு இறங்கினப்புறம் எனக்காக சர்வே போட்டேன்னு சொன்னியே. போட்டியா?"

"போட்டேனே. பஸ்ஸுக்கு நிக்கும்போது."

"என்ன எழுதின?"

மரிசெல் வாயைத் திறந்தாள். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. நெஸ்டர் அப்போது அவளைப் பார்த்து, பிறகு கடிதத்தைப் பார்த்து, "சரியாத்தான் எழுதியிருக்காங்க," என்று முணுமுணுத்ததாகக் கேள்வி.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். விமானத்தில் வந்த எல்லோருக்கும் இறங்கியதும் கம்பெனியின் கருத்துக் கேட்புப் படிவம் போனுக்கு வரும். டெட்ஹெட் வருகிறவர்களுக்கும் வரும். கம்பெனியின் கணினிக்கு ஆள் வித்தியாசம் கிடையாது. பாராட்டு குறைந்தால் அந்தப் பொறுப்பாளருக்குத் தலைவலி. அதனால் டெட்ஹெட் வருகிறவர்கள் வேலை பார்த்தவர்களுக்குப் பத்துக்குப் பத்துப் போட்டுவிடுவது எங்கள் ஊர் வழக்கம். இன்றைக்கு நான் உனக்கு, நாளைக்கு நீ எனக்கு. ஆனால் எல்லாவற்றுக்கும் பத்துப் போட்டால் கணினி அதை நம்பாது, பொய்யென்று தள்ளிவிடும். ஆகவே சின்னதாக ஒரு குறையும் எழுத வேண்டும். அதிலும் ஒரு நாகரிகம் உண்டு: வேலை பார்க்கிற யாரையும் குறை சொல்லக் கூடாது. சாண்ட்விச்சைச் சொல்லலாம், குளிரைச் சொல்லலாம், தன்னையே சொல்லிக்கொள்ளலாம். கெட்டிக்காரர்கள் சாண்ட்விச்சைச் சொல்வார்கள்.

மரிசெல்லுக்கு அன்று களைப்பில் குறும்பு வந்துவிட்டது. 'எல்லோரும் தங்கம். ஒரே குறை, முப்பதாவது வரிசையில் ஒரு பணியாளர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டே வந்தார். கரையில் தூக்கிப்போட்ட பிக்கரல் மீன் மாதிரி இருந்தார்.' லோர்னா படித்துச் சிரிப்பாள் என்று தூக்கக் கலக்கத்தில் எழுதியது, வீடு வந்ததும் மறந்தே போனது. 'இது உங்களை எந்த அளவு பாதித்தது?' என்று ஒரு கட்டம் வந்தது. எதையாவது தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி குளிர், கையுறை போட்ட கட்டைவிரல். 'மிகவும்' மீது விழுந்தது.

"நானா?" என்றாள் மரிசெல். "அந்தப் பாவி நானா?"

"ரோஜாப்பூ," என்றான் நெஸ்டர்.

*

பணியாளர் சங்கத்தின் பிரதிநிதி வெஸ் மறுநாள் மத்தியானம் வந்தான், அவனும் விமானப் பணியாளன்தான். நாற்பது வயதுக்குள் தலை முழுவதும் நரைத்தவன். ஒப்பந்தப் புத்தகத்தில் பல நிறங்களில் சீட்டு ஒட்டி வைத்திருப்பான். எந்தச் சீட்டு எதற்கு என்று அவனுக்கே தெரியாது. கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, மரிசெல் வைத்த பன்சித் நூடுல்ஸை முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"அக்கா, ரெண்டு வழி இருக்கு. புகார் எழுதினது நான்தான்னு ஒத்துக்கிட்டா, கருத்துக் கேட்புல கள்ளத்தனம் பண்ணீங்கன்னு வேலை போகும். உங்களோட லோர்னாக்காவும் போவாங்க. அப்புறம் தோண்ட ஆரம்பிச்சா இந்தத் தெருவே போகும்."

"நீயுமா?"

"நான் சாண்ட்விச் ஆளு. ஆனாலும் போவேன்."

"ஒத்துக்கலேன்னா?"

"சீருடையில தூங்கி விருந்தினரை மிகவும் பாதிச்சீங்கன்னு உங்க வேலை மட்டும் போகும்."

"மூணாவது வழி?"

"சங்கம் இன்னும் அதைக் கண்டுபிடிக்கல." வெஸ் எழுந்து கோட்டை மாட்டினான். கதவருகே திரும்பி, குரலைத் தாழ்த்தினான். "அக்கா, தயவுசெஞ்சு ஜாக்கிரதையா இருங்க. புகார் குடுத்தவங்களோட பேசவே கூடாது. தனியா புலம்புற பழக்கம் இருந்தா அதையும் நிறுத்துங்க."

அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது. இரண்டு நாள் மரிசெல் கண்ணாடிக்கு முன்னால் வாயே திறக்காமல் தலை வாரினாள்.

*

வியாழக்கிழமை. கம்பெனியில் விசாரணை அறைகளுக்குச் சுற்றுலாத் தலங்களின் பெயர் வைத்திருப்பார்கள். மரிசெல்லின் விசாரணை 'ஹவாய்' அறையில். சுவரில் தென்னை மரம். சன்னலுக்கு வெளியே ஆள் உயரப் பனிக்குவியல். நடத்தியவர் கிளை மேலாளர் பிரெண்ட் ஃப்ரீசன். இவரும் ஒன்பது வருடம் விமானத்தில் தள்ளுவண்டி தள்ளியவர்தான். மேலாளரானதும் முதுகு நேராகிவிட்டது, முகம் கோணலாகிவிட்டது என்பார்கள். எதிரே இருபத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம்.

"கண்கள் மூடியிருந்ததா, மரிசெல்?"

"மூடாம எப்படி பிரெண்ட் தூங்கறது?"

"ஆம்," என்று எழுதிக்கொண்டார். "வாய்?"

"நான் தூங்கிட்டு இருந்தேன். எனக்கு எப்படித் தெரியும்?"

"சாட்சி இல்ல. குறிச்சுக்குங்க," என்றான் வெஸ், ஒரு மஞ்சள் சீட்டைப் புரட்டியபடி.

"விருந்தினரே சாட்சிதான். அவங்க பார்த்திருக்காங்க."

"அந்த நேரத்துல அவங்களும் தூங்கிட்டுத்தான் இருந்திருப்பாங்க," என்றாள் மரிசெல்.

மேசைக்கு அடியில் வெஸ்ஸின் காலணி அவள் முழங்காலில் மோதியது.

பிரெண்ட் பேனாவை நிறுத்தினார். "தூங்கினவங்க எப்படிப் பார்த்து எழுத முடியும்?"

நியாயமான கேள்வி.

"அக்கா அன்னிக்கு வேலையில இல்ல, டெட்ஹெட்," என்று வெஸ் பேச்சை மாற்றினான்.

"அதனாலதான் 'பணி நேரத்தில் தூங்கினார்'னு போடல. 'சீருடையைத் தூங்க வைத்தார்'னு போட்டிருக்கோம். அது வேற பிரிவு." பிரெண்ட் பக்கத்தைத் திருப்பினார். சங்கடமாகத் தொண்டையைச் செருமினார். "அடுத்தது பதினெட்டு. மறுநடிப்பு. அன்னிக்கு எப்படி உட்கார்ந்திருந்தீங்களோ அப்படியே காட்டணும். கழிப்பறைச் சுவருக்கு யாராவது…"

வெஸ் சுவரானான். மரிசெல் நாற்காலியை அவன் வயிற்றில் ஒட்டிப் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடினாள்.

"வாயையும் திறக்கணும், மரிசெல். மூணு அளவு இருக்கு. சிறிது, மிதம், முழுவதும்."

"நீங்க சொல்லுங்க, எங்க நிறுத்தணும்னு."

மெல்ல வாயைத் திறந்தாள். பிரெண்ட் கீழே குனிந்து பார்த்தார், பக்கவாட்டில் போய்ப் பார்த்தார், 'மிதம்' என்று குறித்தார். இருபத்து நான்கு வருடம் உழைத்த இடத்தில், ஒரு தென்னை மரப் படத்துக்குக் கீழே, வாயைப் பிளந்துகொண்டு, வெஸ்ஸின் வயிறு பசியில் உறுமுவதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தபோதுதான் மரிசெல்லுக்கு முதல்முறையாகப் பயம் போய்க் கோபம் வந்தது.

"முடிவு என் கையில இல்ல," என்றார் பிரெண்ட், படிவத்தை மூடி. "கால்கரி தலைமை அலுவலகத்துல விருந்தினர் நலப் பிரிவு இருக்கு. நாளைக்கு அந்த விருந்தினருக்குப் போன் பண்ணுவாங்க. அவங்க திருப்தின்னு சொன்னா கோப்பு மூடிடும். இல்லேன்னா புகார் உண்மைன்னு ஆயிடும். அப்புறம்…" மீதியை அவர் தென்னை மரத்திடம் விட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் மரிசெல் வெஸ்ஸின் கையைப் பிடித்தாள். "வெஸ்! நாளைக்கு என்கிட்டதான் கேட்பாங்க! திருப்தின்னு சொல்லிட்டா முடிஞ்சது!"

"எனக்கு ஒண்ணும் காதுல விழல," என்றான் வெஸ். ஆனால் அவன் காது சிவந்திருந்தது. அது குளிரினால் மட்டும் இல்லை.

*

அன்று சாயங்காலமே அவள் போனில் இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன. இரண்டும் ஒரே கம்பெனியிலிருந்து.

முதலாவது இப்படித் தொடங்கியது: 'பணியாளர் எண் 20618. இது நினைவூட்டல். தாங்கள் விசாரணையில் உள்ளீர்கள்.'

இரண்டாவது: 'எங்கள் அன்பு விருந்தினரே, தங்களுக்கு நேர்ந்ததை நினைத்து எங்கள் இதயம் கனக்கிறது.'

மரிசெல் இரண்டாவதை மூன்று முறை படித்தாள். இத்தனை வருடத்தில், அவள் தோள்பட்டை மேல் பெட்டி விழுந்து எலும்பு விலகியபோதுகூடக் கம்பெனியின் இதயம் கனத்ததில்லை. அன்றைக்கு ஒரு படிவம்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குப் போன் வந்தது. மரிசெல்லும் லோர்னாவும் சமையலறையில் லும்பியா ரோல் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மாவுக் கையோடு ஒலிபெருக்கியில் போட்டாள்.

"வணக்கம், நான் டோவா, விருந்தினர் நலப் பிரிவு. உங்க பேரு எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் எனக்கு அனுமதி இல்ல. உங்க தனியுரிமை எங்களுக்கு உயிர். அந்தப் பணியாளர் யாருங்கறதும் எனக்குத் தெரியாது. எப்படி இருக்கீங்க? தூக்கம் வருதா?"

தேன் ஒழுகும் குரல். சின்னப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். லோர்னா கட்டைவிரலை உயர்த்தினாள்.

"நல்லா இருக்கேம்மா," என்றாள் மரிசெல். "நான் யோசிச்சுப் பார்த்தேன். அந்தம்மா பாவம். எனக்கு எந்தக் குறையும் இல்ல. திருப்தி. முழுத் திருப்தி."

போனில் விசைப்பலகை தட்டும் சத்தம்.

"மேடம்," டோவாவின் குரலில் தேன் வற்றியிருந்தது, "உங்களை யாராவது மிரட்டினாங்களா?"

"ஐயோ, இல்லையே!"

"போன வாரம் மிகவும் பாதிக்கப்பட்டேன்னு எழுதியிருக்கீங்க. இப்ப குறையே இல்லேங்கறீங்க. எங்க அனுபவத்துல, விருந்தினர் தானா மனசு மாற மாட்டாங்க. அந்தப் பணியாளர் உங்களைத் தேடி வந்தாங்களா? உங்க வீட்டுப் பக்கம் அவங்களைப் பார்த்தீங்களா?"

மரிசெல் தன் சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க மேடம். நீங்க பாதுகாப்பா இருக்கீங்க. மிரட்டல்னு நான் ஒரு கட்டத்தைத் தொட்டாப் போதும், இன்னிக்கே அவங்களை வேலையை விட்டு எடுத்துடுவாங்க. தொடட்டுமா?"

லோர்னா இரண்டு கையாலும் காற்றில் 'வேண்டாம்' போட்டாள். மாவு பறந்தது. அன்பாகப் பேசினால் இந்தக் கம்பெனி நம்பப் போவதில்லை என்பது மரிசெல்லுக்கு அந்த நொடியில் விளங்கியது. பாராட்டும் மன்னிப்பும் இங்கே சந்தேகத்துக்கு உரியவை. இவர்கள் ஒன்றைத்தான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்கள்.

இருபத்து நான்கு வருடமாக அவளிடம் கத்தியவர்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக அவள் தொண்டைக்கு ஏறி வந்தார்கள். தக்காளிச் சாற்றுக்காகக் கத்தியவர், காலை நீட்ட இடமில்லை என்று கத்தியவர், மேகம் சன்னலை மறைக்கிறது என்று கத்தியவர்.

"ஏம்மா!" என்று ஒரு கத்தல். நெஸ்டர் முன்னறையிலிருந்து ஓடி வந்தான். "என்ன நினைச்சுட்டு இருக்கீங்க எல்லாரும்? நான் புகார் குடுத்தது அந்தப் பொம்பளை மேலன்னு யாரு சொன்னா?"

"மேடம்…"

"நடுவுல பேசாத! நான் பேசிட்டு இருக்கேன்ல? அந்தம்மா ஏன் அப்படிக் கிடந்தாங்க? விடியறதுக்கு முன்னாடி எழுப்பி மூணு ஃப்ளைட் வேலை வாங்கினது யாரு? டெட்ஹெட்ல அனுப்பறப்ப கழிப்பறைச் சுவத்துல ஒட்டி வெச்சது யாரு? முன்னாடி நாலு சீட் காலியா இருந்துச்சு, என் கண்ணால பார்த்தேன்! ரெண்டு டூட்டிக்கு நடுவுல மினிமம் ரெஸ்ட் எங்க குடுத்தீங்க? அதைப் பார்த்துதான் எனக்குப் பாதிப்பு! மிகவும் பாதிப்பு!"

"புரியுது மேடம், நான்…"

"உனக்குப் புரியாது! உன் மேலதிகாரியைக் கூப்பிடு!" லோர்னா மாவுப் பலகையில் விரலால் ஏதோ எழுதிக் காட்டினாள். மரிசெல் அதைப் படித்துக் கத்தினாள்: "டிவிக்குப் போவேன்! நான் யார் தெரியுமா உனக்கு?"

சொல்லிவிட்டு அவளே மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் டோவாவுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அனுமதியும் இல்லை.

"மேடம், தயவுசெஞ்சு," அந்தப் பெண்ணின் குரல் உடைந்திருந்தது. "நாங்க என்ன பண்ணினா உங்களுக்குத் திருப்தி?"

"அந்தம்மா மேல இருக்கற பழைய புதிய கடிதம் எல்லாத்தையும் கிழிச்சுப் போடணும். அங்க மேலாளர்னு ஒருத்தர் இருப்பாரே, அவர் அந்தம்மா முன்னாடி நின்னு மன்னிப்புக் கேட்கணும். எழுதி வெச்சுப் படிக்கணும்!"

"செஞ்சுடறோம் மேடம். உடனே செஞ்சுடறோம். எங்க இதயம்…"

மரிசெல் போனை வைத்தாள். நெஸ்டர் தன் மனைவியைப் புது ஆள் மாதிரி பார்த்தான்.

"அந்தப் பொண்ணு அழுதுச்சு லோர்னா," என்றாள் மரிசெல். "கேட்டியா? நான் அழ வெச்சுட்டேன்."

"நீ அழல? நூறு தடவை நீ அழல?"

"அதனாலதான் சொல்றேன்."

அன்று லும்பியா கோணல்மாணலாக வந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

*

செவ்வாய்க்கிழமை மறுபடியும் ஹவாய். பிரெண்ட் எழுந்து நின்று, தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு படித்தார். "மரிசெல், தங்களைக் கழிப்பறைச் சுவரை ஒட்டி உட்கார வைத்ததற்காகவும், தங்கள் களைப்பை ஒரு விருந்தினர் பார்க்க நேர்ந்ததற்காகவும், கிளையின் சார்பில் மனப்பூர்வமாக வருந்துகிறேன்." நிறுத்தினார். "இங்க 'கண்ணைப் பார்க்கவும்'னு போட்டிருக்கு." தாளை இறக்கி அவள் கண்ணைப் பார்த்தார். மறுபடி தாளை உயர்த்தினார். "தங்கள் கோப்பில் இருந்த எல்லாக் கடிதங்களும் நீக்கப்பட்டன."

பல் கடிதமும் போயிற்று, மீன் கடிதமும் போயிற்று. வெஸ் தன் புத்தகத்தில் ஒரு புதுச் சீட்டு ஒட்டினான், எதற்கென்று தெரியாமலே. மரிசெல்லுக்கு மூச்சு ஒரு வாரத்துக்குப் பிறகு முழுதாக வெளியே வந்தது. கையெழுத்துப் போட்டாள். வெஸ் வேறு ஒருவரின் விசாரணைக்காகப் பக்கத்து 'கேன்கூன்' அறைக்கு ஓடினான்.

மரிசெல் கோட்டை எடுத்தபோது பிரெண்ட் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"ஒரு நிமிஷம். உங்களுக்கு அந்த விருந்தினர் யாருன்னு தெரியாது. எனக்கும் தெரியாது. சரியா?"

"சரி."

"ஆனா அவங்க பேசினதைக் கால்கரி எழுத்துல அனுப்பியிருக்கு. மினிமம் ரெஸ்ட்னு சொல்லியிருக்காங்க. டெட்ஹெட்னு சொல்லியிருக்காங்க. நான் ஒன்பது வருஷம் வண்டி தள்ளினவன் மரிசெல். மினிமம் ரெஸ்ட்டுக்காகக் கத்தின ஒரு பயணியை நான் பார்த்ததே இல்ல. கோக்குல ஐஸ் கம்மின்னு கத்துவான்." பயணி என்ற தடைசெய்யப்பட்ட சொல்லை அவர் உபயோகித்ததை மரிசெல் கவனித்தாள்.

"என்ன சொல்ல வர்றீங்க பிரெண்ட்?"

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு உறையை எடுத்து வைத்தார். பிரிக்கத் தேவையில்லை. தடி உறை.

"கிளை மேலாளரோட அலட்சியத்தால விருந்தினர் மிகவும் பாதிக்கப்பட்டாராம். விசாரணை அடுத்த வாரம். எனக்கு ஏற்கெனவே ஒரு இறுதி எச்சரிக்கை இருக்கு."

"உங்களுக்கா? எதுக்கு?"

"போன வருஷம் உங்களுக்கெல்லாம் எச்சரிக்கைக் கடிதம் குறைவா அனுப்பிட்டேன்னு. மத்த கிளையெல்லாம் நம்மளை விட அதிகமாம்." உட்கார்ந்தார். முதுகு வளைந்திருந்தது, தள்ளுவண்டி தள்ளின காலத்து முதுகு. "அதனாலதான் உங்க பல்லு… சரி, அதை விடுங்க. நான் எதுவும் கேட்கல. எனக்கு யாரையும் தெரியாது. ஆனா நமக்காகக் கத்தறதுக்கு யாராவது ஒரு ஆள் இருந்தா…"

மீதியை அவர் மறுபடி தென்னை மரத்திடம் விட்டுவிட்டார். மரிசெல் நின்றபடியே அவரைப் பார்த்தாள். குனிந்து குனிந்து தன் வாயை அளந்த மனிதர். இப்படியே கதவைத் திறந்துகொண்டு போனால் யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் தெருவில் சிலர் அதைத்தான் செய்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அவள் கோட்டை நாற்காலியில் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைக் கத்தலில் கட்டியது இன்னும் முழுதாகச் சரியாகவில்லை.

"இந்தத் தடவை போன் எடுக்கற பொண்ணுகிட்ட நான் கத்த மாட்டேன்," என்றாள். "அதுக்கு மேல இருக்கறவங்க பேரைச் சொல்லுங்க."

பிரெண்ட் அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு வாயைத் திறக்காமல், பனிக்குவியலுக்கு மேலாக, கால்கரி இருக்கும் மேற்குத் திசையில் கையை நீட்டினார். கை மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டே போனது.